எது வந்தாலும் பிடி

ஏழாம் ஸ்டேஷன் திரையில் வந்த எச்சரிக்கையில் ஒரு பெயர் இருந்தது. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

ஒரகடத்தில், கார்களின் அடிப்பாகத்துக்கு ரப்பர் புஷ் என்கிற வளையங்களை அடித்து அனுப்பும் அந்த ஆலையில், எந்தத் திரையிலும் யார் பெயரும் வர வழியில்லை என்பது காவேரிக்கு நன்றாகத் தெரியும். லைன் மொத்தத்தையும் ஓட்டுகிற மென்பொருளை எழுதியவன் அவள் கணவன் கார்முகில். ஒவ்வொரு மெஷினையும் ஓர் ஆளைப் போல நினைத்து எழுதியிருந்தான். அதற்கென்று ஒரு வேலை. அந்த வேலை நடக்காதபோது அது போட வேண்டிய கூச்சல். மெஷின் கூச்சல் போட்டால் அந்தக் கூச்சல் மெஷினை வேலைக்குக் கூப்பிட்டவரிடம் போகும், அவர் பிடிக்காவிட்டால் அவரைக் கூப்பிட்டவரிடம், அப்படியே ஒவ்வொரு கையாக மேலே ஏறிக்கொண்டு போகும். யாராவது ஒருவர் அதைப் பிடித்து, இதை என்ன செய்வது என்று முடிவு செய்தாக வேண்டும். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை எக்ஸெப்ஷன் என்பார்கள்.

மற்ற ஆலைகளில் அப்படிப் பிடித்ததை ஏதோ ஒரு எண்ணாகத் திரையில் காட்டுவார்கள். கார்முகில் மனிதர் பேசுகிற மாதிரி காட்டினான். 'அண்ணே, காத்து கம்மியா வருது, குழாயப் பாருங்க.' 'அக்கா, புஷ்ஷ தலைகீழா வச்சிட்டீங்க, தூக்கமா?' அவனுக்குத் தமிழில் தட்டச்சு செய்ய வராது. அவன் சொல்லச் சொல்ல, சிரித்துக்கொண்டே, எல்லா வாக்கியங்களையும் அடித்தவள் காவேரிதான். அதனால்தான் அவளுக்குத் தெரியும், அதில் ஒரு பெயர்கூடக் கிடையாது.

போன மழைக்காலத்தில் கார்முகில் செத்துப்போனான். அவன் பைக், ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற ஒரு கண்டெய்னர் லாரியின் அடியில் போய்ச் செருகியிருந்தது. அவள் இன்றுவரை யாரிடமும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அவர்கள் வீடு படப்பையில், ஒரகடத்துக்குக் கிழக்கே. லாரி நின்றது வாலாஜாபாத் ரோட்டில், மேற்கே. வேலை முடிந்த அந்தச் சாயங்காலம் அவன் எதற்காக அந்தப் பக்கம் போனான்?

"மேடம், ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது" என்று, காவேரியும் மற்ற மென்பொருள் ஆட்களும் உட்காரும் கண்ணாடி அறையின் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள் ஐஸ்வர்யா. ஏழாம் ஸ்டேஷனில் வேலை செய்கிற பெண். தொப்பிக்குள் அடங்காத சுருட்டை முடி.

"சொல்லு."

"ஏழாம் நம்பர் மெசினு என் பேரச் சொல்லிச்சு மேடம்."

பக்கத்து நாற்காலியிலிருந்து டீம் லீடர் அருள்பாண்டி திரும்பினார். விருதுநகர்ப் பக்கத்து ஆள். எதையும் கேலியாகத்தான் ஆரம்பிப்பார். "மெஷினுக்கு உன் பேரு எப்படித்தா தெரியும்? ஆதார் கார்டு காட்டுனியா?"

"நெசமாத்தான் சார். 'ஐஸ்வர்யா, கைய எடு'ன்னு வந்திச்சு. இன்னாடா இதுன்னு எடுத்தேன். பிரஸ்ஸு தானா எறங்கிச்சு. இல்லன்னா இந்நேரம் கை சப்பாத்தியாயிருக்கும்." அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அருள்பாண்டியின் கேலி நின்றது. ஆட்கள் ஓடினார்கள். சென்சார் ஒயர் ஒன்று உள்ளே அறுந்திருந்தது, மாற்றினார்கள். எல்லோரும் ஒயரைப் பற்றிப் பேசினார்கள். காவேரி மட்டும் உட்கார்ந்து புரோகிராம் முழுவதிலும் அந்தப் பெயரைத் தேடினாள். இல்லை. பழைய பிரதிகளில் தேடினாள். இல்லை. டேட்டாபேஸில், ஆட்கள் வருகைப் பதிவோடு எங்காவது இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. ஏசியின் குளிர் கழுத்தில் இறங்க, கண்ணாடிக்கு அப்பால் பிரஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பெருமூச்சு விட்டு இறங்கி எழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் வெகுநேரம் அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைய எடு. அதட்டுவது போலிருக்கும், அதட்டல் இல்லை. சூடான தோசைக்கல் பக்கம் அவள் கை போனால் அவன் அப்படித்தான் சொல்வான்.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. நெஞ்சுக்குக் கீழே, மிளகாய் அரைத்த கையால் யாரோ தொட்டது போல ஓர் எரிச்சல். இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தவன், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியிருக்கிறான்.

அதன்பிறகு அடிக்கடி வந்தது. லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்தப் பழுதும் இல்லாமல், ஏழாம் திரையில் மட்டும்.

'ஐஸ்வர்யா, திரும்பிப் பாக்காத.'

'ஐஸ்வர்யா, டிரெஸ் மாத்துற ரூமுக்குத் தனியாப் போகாத. ஜாஸ்மினக் கூட்டிட்டுப் போ.'

'ஐஸ்வர்யா, பஸ்ஸுல ஜன்னல் சீட்டு வேணாம்.'

ஒவ்வொன்றும் காவேரியின் கணினிக்கும் நகலாக வந்து சேரும். அவள் படிப்பாள். மறுபடி படிப்பாள். எனக்கு எந்த சீட்டு வேண்டாம் என்று எப்போதாவது சொன்னாயா? நான் தனியாகத்தானே போய்வந்துகொண்டிருக்கிறேன்? ஏழாம் ஸ்டேஷன் பெண் திரைக்கு மேலே ஒரு கனகாம்பரத் துண்டைச் செருகி வைத்திருந்தாள். கண்ணாடி வழியாக அந்த ஆரஞ்சு நிறம் கண்ணில் படும்போதெல்லாம் காவேரிக்கு வேலை ஓடவில்லை.

ஒருநாள் டீ இடைவேளையில் கீழே இறங்கிப் போனாள். சூடான ரப்பர் வாசனை, கூலன்ட் எண்ணெயின் புளித்த வாசனை. இரண்டுக்கும் அடியில், அந்த ஏழாம் ஸ்டேஷன் பக்கத்தில் மட்டும், மழையில் நனைந்த தார் ரோட்டின் வாசனை. ஆலைக்குள் ஏது தார் ரோடு என்று ஒரு கணம் தோன்றியது. மறந்துவிட்டாள்.

"அவர உனக்குத் தெரியுமா?" என்று நேரடியாகக் கேட்டாள்.

ஐஸ்வர்யா டீ கப்பைக் கீழே வைத்தாள். "யார மேடம்... சாரையா? பேசினதெல்லாம் இல்ல. ஒரேவாட்டி பஸ்ஸ வுட்டுட்டு மழையில நின்னுகினு இருந்தேன். பைக்ல கொண்டாந்து எங்க வூட்டாண்ட எறக்கிவுட்டாரு."

"வீடு எங்க?"

"வாலாஜாபாத்துக்கு இந்தாண்ட."

அந்தப் பெண்ணே சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு. "அன்னிக்குத்தான் மேடம். சொல்லணும்னு எத்தினியோ நாளு நெனச்சேன். பயமா இருந்திச்சு. வர்ற வழியிலயே சார் ஒருமாதிரி ஆயிட்டாரு. கண்ணாடியப் பாத்துக்கினே வந்தாரு. 'பின்னாடி யாரனா வராங்களா பாரு'ன்னாரு. பாத்தேன். யாருமே இல்ல மேடம். மழதான்."

அவள் சொன்னதில் பாதிதான் காவேரியின் காதில் ஏறியது. பைக். பின் சீட்டு. மழை. அவளைக் கொண்டுபோய் விடத்தான் போயிருக்கிறான். கடைசியாக அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் இவள். நான் வாங்கிக்கொடுத்த ரெயின்கோட்டை யார் போட்டிருந்தார்கள்? அதை மட்டும் கேட்க வாய் வரவில்லை.

"அவருதான் மேடம் என்னக் காப்பாத்துறாரு" என்றாள் ஐஸ்வர்யா மெதுவாக. அண்ணன் என்று சொல்லவில்லை. அவரு என்றாள்.

அதிலிருந்து காவேரி பிழைகள் செய்ய ஆரம்பித்தாள். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், சோதனைக்கென்று வைத்திருந்த கணினியில், வேண்டுமென்றே. எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னாள். இல்லாத மெஷினைக் கூப்பிட்டாள். எழுத்து வர வேண்டிய இடத்தில் வெறுமையைக் கொடுத்தாள். ஒவ்வொரு தப்புக்கும் மென்பொருள் ஒழுங்காகக் கூச்சல் போட்டது. ஒவ்வொரு கூச்சலும் ஒழுங்காகப் பிடிபட்டு, அவள் கையால் அடித்த பழைய கேலியாகத் திரும்பி வந்தது. அண்ணே, காத்து கம்மியா வருது. அக்கா, தூக்கமா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காவேரி என்று வந்தால் போதும். அதன்பின் அவன் என்ன சொன்னாலும் சரி. ஒன்றும் சொல்லாவிட்டாலும் சரி. வரவில்லை.

ஆகவே அவள் அதைச் செய்தாள்.

ஏழாம் ஸ்டேஷனுக்கும் அதன் திரைக்கும் நடுவில் சில வரிகள். அங்கிருந்து எழுவதைத் திரைக்குப் போகும் முன்பே பிடித்து, தன் லேப்டாப்புக்கு மட்டும் திருப்பிவிடுவது. இன்னது என்று தெரிந்த எக்ஸெப்ஷனின் பெயரைச் சொல்லித்தான் பிடிக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் அவன் அனுப்புவதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் பெயர் சொல்லாமல், எது வந்தாலும் பிடி என்று எழுதினாள். அப்படி எழுதுகிறவர்களைக் கார்முகில் திட்டுவான். 'தெரிஞ்சத மட்டும் பிடி காவேரி. இன்னதுன்னே தெரியாம ஒண்ணப் பிடிச்சு வீட்டுல வச்சிக்கிட்டு என்ன பண்ணுவ?'

"இதென்ன, வர்றதையெல்லாம் அள்ளிப் போட்டுக்கிறீக? குப்ப வண்டியா நீங்க?" என்றார் அருள்பாண்டி, அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து.

"கொஞ்ச நாளைக்குத்தான் சார். என்ன வருதுன்னு பாக்கணும்."

"மெஷின் நிக்க வேண்டிய எடத்துல நிக்கும்ல?"

"நிக்கும் சார். அத நான் தொடல."

மெஷின் நிற்கும். வார்த்தைதான் அந்தப் பெண்ணுக்குப் போகாது.

"அப்ப சரி" என்றார் அவர்.

ஏழாம் திரை ஊமையாயிற்று. காவேரியின் லேப்டாப்பிலும் ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு மழை வலுத்தது. கலெக்டர் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார். கண்ணாடி அறைக்காரர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். லைன் மட்டும் வழக்கம் போல ஓடியது.

படப்பை வீட்டின் மாடியில், மத்தியானத்திலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு. ஜன்னல் கம்பிகளில் தண்ணீர் கோர்த்துக் கோர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்ததால் கட்டிடத்தில் மழையைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஈரச்சுவரின் வாசனையும், துவைத்துக் காயாத துணிகளின் வாசனையும், காலையில் வைத்த ரசத்தின் புளிப்பும் ஒன்றாகக் கலந்து அறைக்குள் அசையாமல் நின்றன. கரண்ட் போயிற்று. லேப்டாப் திரை மட்டும் நீலமாக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

டிங்.

வார்த்தை எதுவும் இல்லாத ஓர் எக்ஸெப்ஷன். அது எங்கே எழுந்தது, எந்தெந்த வழியாக வந்தது என்கிற வரிகள் மட்டும். எழுந்த இடம் மேலே இருக்கும். கடந்து வந்த ஒவ்வொரு இடமும் அதற்குக் கீழே வரிசையாக. வழக்கமாக அங்கே புரோகிராமின் பகுதிகள்தான் இருக்கும். இப்போது இருந்தவை:

வாலாஜாபாத் ரோடு
ஐஸ்வர்யா
ஏழாம் ஸ்டேஷன்

காவேரி திரைக்கு அருகில் குனிந்தாள். வாலாஜாபாத் ரோடு. அவனேதான். வேறு யார் அங்கிருந்து வர முடியும்?

போன் அடித்தது. ஐஸ்வர்யா. பின்னணியில் கேன்டீன் சத்தம்.

"மேடம், தொந்தரவு பண்றனா? இல்ல, ஒண்ணு சொல்லணும்னு தோணிச்சு. மெசினு பேசறதே இல்ல இப்போ. மொதல்ல கஷ்டமா இருந்திச்சு. ஆனா இன்னிக்கு ஒருமாதிரி லேசா கீது மேடம்."

"லேசான்னா?"

"எனக்கு எப்பவுமே பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே இருக்கும் மேடம். அந்த நாள்லருந்து. ஈரமா. பஸ்ஸுல, பாத்ரூமுல, தூங்கறப்போகூட. வூட்ல சொன்னா மந்திரிக்கக் கூட்டிம்போயிடுவாங்கன்னு சொல்லல. இன்னிக்கு இல்ல மேடம். இப்பத்தான், கொஞ்ச முன்னாடி, போயிடுச்சு."

"நல்லது" என்று சொல்லிக் காவேரி போனை வைத்தாள். அவளை விட்டுவிட்டான். அந்த ஓர் எண்ணம் மட்டும், வெல்லப்பாகு போலச் சூடாக, உடம்பு முழுக்க இறங்கியது.

டிங்.

முன்பு வந்த மூன்று வரிகள். அதற்குக் கீழே: கம்பெனி கேட்.

டிங். ஒரகடம் கூட்ரோடு.

அவள் எழுந்து தலை வாரினாள். இருட்டில் கண்ணாடி சரியாகத் தெரியவில்லை. அவனுக்குப் பிடித்த மஞ்சள் சுடிதார் கொடியில் ஈரமாக இருந்தது. ஈரத்தோடே எடுத்து மாட்டிக்கொண்டாள். ஜில்லென்று முதுகில் ஒட்டியது. நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிங். செரப்பணஞ்சேரி.

டிங். படப்பை பஸ் ஸ்டாப்.

போய்க் கதவின் தாழ்ப்பாளை விலக்கினாள். திறக்கவில்லை. சும்மா சாத்தி வைத்தாள், தள்ளினால் திறக்கிற மாதிரி. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஜன்னல் கம்பியில் சொட்டும் இல்லை. தெருவில் நாய்கள் இருக்குமே, அவற்றின் சத்தமும் இல்லை. ரசத்தின் வாசனை போய், கீழேயிருந்து, மாடிப்படி வழியாக, நனைந்த தாரின் வாசனை ஏறி வந்தது. தாரும் டீசலும். கருகிய ரப்பரும்.

டிங். தெரு.

டிங். மாடிப்படி.

படியில் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் இல்லை. நனைந்த கோணிமூட்டையை ஒவ்வொரு படியாக இழுத்து வைப்பது போல. வைக்கும். நிற்கும். மறுபடி வைக்கும்.

கார்முகில் இரண்டிரண்டு படியாகத் தாவி வருகிறவன்.

டிங்.

இந்தத் தடவை இடம் இல்லை. வார்த்தை.

'காவேரி'

அவள் பெயர். அவன் சொன்னது. அவளுக்கு மட்டும். கண்ணீர் பொங்கித் திரை மங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தாள்.

'காவேரி, தாழ்ப்பாளப் போடு. வர்றது நான் இல்ல.'

படித்தாள்.

மறுபடி படித்தாள்.

திரும்பிப் பாக்காத. தனியாப் போகாத. ஜன்னல் சீட்டு வேணாம். எதுவும் கொஞ்சல் இல்லை. ஒன்றுகூட இல்லை. ஐஸ்வர்யாவைப் பிடித்திருந்த அந்த ஒன்றிடமிருந்து, ஒவ்வொரு நாளும், அவளை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான். அதைத்தான் இவள் நடுவில் புகுந்து பிடித்துவிட்டாள். பெயர் கேட்காமல். எது வந்தாலும் என்று.

கதவு வெகு தூரத்தில் இருந்தது. அறையின் அந்தக் கோடியில்தான். ஆனால் தூரம். நாற்காலியை விட்டு அவள் எழவில்லை.

டிங். 'காவேரி, எழுந்திரு.'

பிடித்ததைத் திரும்ப வீசிவிடலாம். ஒரே ஒரு வரி. பழையபடி ஏழாம் ஸ்டேஷனுக்கு. அந்தச் சுருட்டை முடிக்காரியிடம். இப்பத்தான் போயிடுச்சு மேடம் என்று சொன்னவளிடம். காவேரியின் விரல்கள் அந்த வரியை அடிக்கத் தொடங்கியிருந்தன. அவள் யோசிக்கவே இல்லை. விரல்களே அடித்தன. கடைசி விசை ஒன்றுதான் பாக்கி.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. காற்று மட்டும் மாறியது.

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது. தரையில். பிறகு நாற்காலியின் மேல் விளிம்பில். பிறகு அவள் தோளில்.

திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு பக்கமிருந்தும் கைகள் வந்தன. ரொம்பச் சாவதானமாக. லேப்டாப்பின் நீல வெளிச்சத்தில் அவை தெரிந்தன: கல் பொடி ஒட்டிய, நகமில்லாத, ஊறி வெளுத்த விரல்கள். அவை அவள் விரல்களை விசைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தன. சுண்டு விரல். மோதிர விரல். நோகாமல். திரும்பிப் போக அதற்கு மனமில்லை.

டிங். 'காவேரி.'

டிங். 'காவேரி.'

டிங். 'காவேரி. காவேரி. காவேரி.'

திரை முழுக்க அவள் பெயர். வர வர மேலே ஏறி மறைந்து, கீழே புதிதாக வந்துகொண்டே இருந்தது. எத்தனை நாள் கேட்டுக் காத்திருந்த பெயர். அவள் அதைப் படிக்கப் பார்த்தாள். ஒன்றையாவது.

ஈரமான உள்ளங்கைகள் பின்னாலிருந்து வந்து, விளையாட்டாய்ப் பொத்துவது போல, அவள் கண்கள் இரண்டையும் பொத்தின.

டிங்.

டிங்.